எவர் விடுதலைக்கு எவர் குருதி?

வட ஆப்பிரிக்கப் பாலையில் நீர் வற்றிய ஒரு பழங்கிணறு. அருகே பாழடைந்த ஒரு சிறு கோட்டை. பீர் அக்கீம் என்பது அவ்விடத்தின் பெயர். 1942 மே 26 முதல் சூன் 11 வரை ஏறத்தாழ 3,700 படைஞர் அதனைக் காத்து நின்றனர். செருமானியப் படைத்தலைவர் உரோம்மலின் தகரிகளும் வானூர்திகளும் சூழ்ந்து தாக்கியும் அவர்கள் பணிந்திலர். நீரும் வெடிபொருளும் அருகிய பின்னரே முற்றுகையைப் பிளந்து இரவில் வெளியேறினர். தம் நாட்டின் மானத்தை மீட்ட போர் இதுவென்று பிரஞ்சியர் இன்றும் பெருமை பேசுவர். பாரிசில் ஒரு தொடர்வண்டி நிலையத்திற்கும் இப்பெயரே.

அக்களத்தில் நின்றோர் யாவர்? பிரஞ்சியரோடு உபாங்கி-சாரியின் கருப்பின மக்களும், வட ஆப்பிரிக்கரும், தாகித்தி, புதுக் கலிதோனியாத் தீவுகளின் இளைஞரும் நின்றனர். அடிமைப்பட்ட நாட்டார், தம்மை அடிமைப்படுத்திய நாட்டின் விடுதலைக்காகக் குருதி சிந்தினர்! களமோ இலிபியரின் மண். அதனை 1911-இல் கவரப் புகுந்த இத்தாலியர், எதிர்த்து நின்ற முதியவர் உமர் முக்தாரை 1931-இல் தூக்கிலிட்டனர். மண்ணுக்குரியாரை எத்தரப்பாரும் கேட்டாரிலர்.

இட்லரின் கொடுமை வீழ்ந்தது நன்றே. அதை வீழ்த்தத் தோள்கொடுத்தவர் பெற்ற கைம்மாறு யாது? 1944-இன் இறுதியில், வெற்றி கைக்கெட்டிய வேளையில், கருப்பினப் படைஞர் பலர் களத்தினின்று விலக்கப்பட்டு, அவர்தம் இடத்தில் வெள்ளையர் நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு திசம்பர் 1-இல், செருமானியச் சிறையினின்று மீண்ட ஆப்பிரிக்கப் படைஞர், தமக்குரிய ஊதியத்தைக் கேட்டதற்காகச் செனகாலின் தியாரோயேவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டது பிரஞ்சுப் படையே. அதனைப் படுகொலையென்று பிரான்சின் குடியரசுத் தலைவர் ஒப்பியது 80 ஆண்டுகள் கழிந்து, 2024-இலேதான்!

உபாங்கி-சாரி 1960-இல் நடு ஆப்பிரிக்கக் குடியரசாக விடுதலை பெற்றது. தாகித்தியும் புதுக் கலிதோனியாவுமோ இன்றும் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டவையே. 2021-இல் நடந்த விடுதலைக் கருத்தெடுப்பைக் கனாக்க விடுதலை இயக்கத்தார் புறக்கணித்தனர். அவர்கள் ஒதுங்கி நின்ற அக்கருத்தெடுப்பின் முடிவே அவர்கள் மேல் சுமத்தப்பட்டது.

ஆள்வோர்க்கு உண்மையாய் உழைத்தால் உரிமை தாமே தருவர் என்று நம்மிடையேயும் சிலர் நயந்துரைக்கின்றனர். அவர்கள் பீர் அக்கீமின் மணலை எண்ணிப் பார்க்கட்டும். மறம் இன்மையால் அம்மக்கள் உரிமை இழந்திலர். தம் மறத்தைப் பிறர் கொடிக்கீழ் நிறுத்தியமையால் இழந்தனர். பிறர்க்குப் பொருது பெறுவது பாராட்டு. தமக்குப் பொருது பெறுவதே உரிமை. பாராட்டு நிலையப் பெயர்ப்பலகையில் நிற்கும். உரிமையே நாட்டில் நிற்கும்!