விரும்பிப் பூணும் விலங்கு

அடிமைத்தளையை அறுக்க மனித குலம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை 1833ஆம் ஆண்டில் இயற்றியது. நம் முன்னோரை மலாயாவின் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அந்த ஒப்பந்தங்களிலும் கைநாட்டு இருந்தது. கைநாட்டு இருந்ததால் விருப்பமும் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. அந்தக் கைநாட்டின் பின்னே நின்ற பசியையும் கடனையும் ஒப்பந்தத் தாள் பேசவில்லை.

'விருப்பம்' என்னும் அதே சொல்லைக் கேடயமாகத் தாங்கி, இன்று வேறோர் அடிமைமுறை கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதனை 'ஃபைனான்ஷியல் டாமினேஷன்' என்பர். 'பண ஆதிக்கம்' என்று இதனைத் தமிழாக்கலாம். ஆயினும், ஆள்பவரின் செருக்கைச் சொல்லும் பெயரைவிட, ஆட்பட்டவனின் நிலையைச் சொல்லும் பெயரே உண்மைக்கு நெருக்கமானது. எனவே 'காசடிமை' என்றே இக்கட்டுரையில் இதனை அழைப்பேன்.

ஆசிரியரும் மாணவரும் படிக்கும் ஏட்டில் இப்படியும் ஒரு பொருளா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மாணவனின் சட்டைப்பைக்குள் நுழைந்துவிட்ட ஒன்றை, மாணவன் படிக்கும் ஏட்டுக்குள் நுழையவிடாமல் தடுப்பதால் ஆகப்போவது என்ன? மூடி வைத்த புண் ஆறுவதில்லை.

கொடுப்பதே இன்பமாம்!

காசடிமை என்பது யாது? முகமறியா ஒருவர் சமூக ஊடகத்தில் தம்மை 'அரசி' என்றோ 'தலைவி' என்றோ அறிவித்துக்கொள்கிறார். அவரிடம் பேசுவதற்கே 'காணிக்கை' செலுத்த வேண்டும். செலுத்தியவனுக்குக் கிடைப்பது பொருளன்று, அன்பும் அன்று. ஏளனம் கிடைக்கும், 'இன்னும் கொடு' என்ற கட்டளை கிடைக்கும். பல வேளைகளில் அதுவும் கிடைக்காது. பணத்தைப் பெற்றுக்கொண்டு, அவனை ஏறெடுத்தும் பாராமல் இருப்பதே இவ்வணிகத்தில் ஒரு 'சேவை'. காமத்தின் வேரிலிருந்து கிளைத்த விருப்பம் இது. தாழ்த்தப்படுவதிலும் இழப்பதிலும் ஒருவன் கிளர்ச்சி காண்கிறான். அந்தக் கிளர்ச்சிக்கு மற்றொருவர் விலை வைக்கிறார்.

இது காணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. சம்பளத்தில் இத்தனை பங்கு மாதந்தோறும் தருவேன் என்று எழுதிக் கொடுப்பவர் உண்டு. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையே ஒப்படைப்பவர் உண்டு. தொலைவிலிருந்து தம் கணினிக்குள் புகுந்து பணத்தை எடுத்துக்கொள்ளுமாறு விடுபவரும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது மிரட்டல் விளையாட்டு. தன் முகவரி, வேலையிடத்தின் பெயர், மனைவியின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தானே கொடுத்து, 'பணம் தராவிட்டால் இவற்றை வெளியிடு' என்று ஒருவன் கேட்டுக்கொள்கிறான். அவன் சலித்து விலக நினைக்கும் நாளில், விளையாட்டு முடிந்துபோகும். மிரட்டல் மட்டும் முடியாது.

ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஒப்பந்தம்

இவ்விருப்பம் இன்று பிறந்ததன்று. ஆஸ்திரிய எழுத்தாளர் லியோபோல்ட் ஃபொன் ஸாக்கர் மாசோக், 1870இல் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' என்னும் புதினத்தை வெளியிட்டார். தாழ்த்தப்படுவதில் இன்பம் காணும் இயல்புக்கு 'மாசோக்கிசம்' என்னும் பெயரை, இவருடைய பெயரிலிருந்துதான் மனநோய் மருத்துவர் கிராஃப்ட் எபிங் பின்னாளில் ஆக்கினார்.

இந்த மாசோக், 1869இல் ஃபன்னி பிஸ்டோர் என்னும் பெண்மணிக்குத் தம்மை அடிமையாக்கி ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதைக் கவனியுங்கள். அடிமைக்காலம் ஆறு மாதம். நாள்தோறும் ஆறு மணி நேரம் அவர் தம் பணியைச் செய்ய விடப்பட வேண்டும். அவருடைய கடிதங்களையும் எழுத்துகளையும் அந்த அம்மையார் பார்க்கக் கூடாது. அவருக்கு இழுக்குத் தரும் எதனையும் கேட்கக் கூடாது.

பித்தன் என்று உலகம் நகைத்த அம்மனிதர்கூடத் தம் அடிமைத்தனத்திற்கு நான்கு வேலி இட்டுக்கொண்டார். கைத்தொலைபேசிக் காசடிமைக்கு எந்த வேலி உண்டு? முடிவு நாள் இல்லை. ஓய்வு நேரம் இல்லை. நள்ளிரவு மூன்று மணிக்கும் கட்டளை வருகிறது. கடிதம் முதல் கடவுச்சொல் வரை எதுவும் மிஞ்சுவதில்லை. இதனை 'இருவர் உடன்பட்ட விளையாட்டு' என்று பேசுவோர், மாசோக்கின் ஒப்பந்தத்தையாவது ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இழக்க இழக்க எழும் வேட்கை

இப்பழக்கம் ஒருவனை ஏன் இவ்வாறு பற்றுகிறது? அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதற்கு ஒரு விடை உண்டு. கூண்டிலுள்ள புறா ஒரு தட்டைக் கொத்தினால் இரை விழும். ஒவ்வொரு கொத்துக்கும் இரை விழுந்தால், பசி தீர்ந்ததும் புறா ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தால், அது விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். இரையை நிறுத்திய பின்னும் நெடுநேரம் கொத்தும். சூதாட்டப் பொறி இயங்குவது இந்த விதியால்தான். காணிக்கை செலுத்தியவனுக்கு எப்போது மறுமொழி வரும், எப்போது மௌனம் வரும் என்று தெரியாது. அந்தத் தெரியாமையே தூண்டில்.

இந்த உண்மையை அறிய நமக்கு அமெரிக்கப் புறா தேவையில்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் 'சூது'. அதன் முதற்குறள், சூதில் பெறும் வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலாகக் காட்டுகிறது. அதன் இறுதிக்குறள், இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் பெருகும் என்னும் உளவியல் உண்மையை ஓர் உவமையாகவே ஆண்டுவிடுகிறது. எல்லாரும் அறிந்த செய்தியைத்தான் புலவர் உவமையாக்குவார். எனவே வள்ளுவர் காலத்திலேயே இஃது ஊரறிந்த உண்மை!

ஆயினும் சூதுக்கும் காசடிமைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இங்கேதான் ஆபத்தின் ஆழம் தெரிகிறது. சூதாடுபவன் வெல்ல நினைக்கிறான். தோல்வி அவனுக்குப் பகை. கை வெறுமையாகும்போது என்றாவது ஒருநாள் அந்தத் தோல்வியே அவனை உலுக்கி எழுப்பக்கூடும். காசடிமைக்கோ இழப்புதான் அவன் வாங்கும் பண்டம். வலிக்க வலிக்க நிறுத்தச் சொல்வது மனித இயற்கை. அந்த வலியே விலைபொருளானால் நிறுத்தச் சொல்லும் குரல் எங்கிருந்து வரும்? நேற்று 50 வெள்ளி தந்த நடுக்கத்தை இன்று 50 வெள்ளி தராது, 100 வேண்டும். செலுத்தியதும் வெட்கம், பின் சபதம், கணக்கை அழித்தல், நான்கு நாளில் புதுக் கணக்கு, மீண்டும் காணிக்கை எனச் சக்கரம் சுழல்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. சூதாட்டக் கோளாறும் கணினி விளையாட்டுக் கோளாறும் பழக்க அடிமை நோய்களாக அதில் இடம்பெற்றுள்ளன. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையும் உளத்தூண்டலை அடக்கவியலாக் கோளாறாகத் தனியே இடம்பெற்றுள்ளது. காசடிமைக்கெனத் தனிப்பெயர் அதில் இல்லை. பெயர் இல்லாததால் நோயும் இல்லை என்பார், தேள் கொட்டியவனிடம் தேளின் பெயரைக் கேட்பவர்.

கதவில்லாக் கூடம்

சிங்கப்பூரில் 2010இல் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டபோது, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல 100 வெள்ளி நுழைவு வரி விதிக்கப்பட்டது. 2019இல் அது 150 வெள்ளியாக உயர்ந்தது. அழிவின் விளிம்பில் நிற்பவனை உள்ளே விடாதீர் என்று குடும்பத்தாரே விண்ணப்பிக்கவும் சட்டம் வழி வகுத்தது. கதவு இருந்ததால் காவல் இருந்தது.

கைத்தொலைபேசிக்கு ஏது கதவு? சிங்கப்பூரில் 2017இல் 'பேநவ்' வந்தது. அடுத்த ஆண்டு மலேசியாவில் 'டுயிட்நவ்' வந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் பணம் கைமாறுகிறது. வாணிகத்துக்கு அது வரம். ஆனால் வேட்கைக்கும் செயலுக்கும் இடையே முன்பு ஓர் இடைவெளி இருந்தது. வங்கிக்கு நடந்து சென்று வரிசையில் நிற்கும் நேரத்தில் மனம் சற்றே தெளியும். அந்த இடைவெளி இன்று இல்லை.

இடைத்தரகரையும் மறத்தல் ஆகாது. 2016இல் இலண்டனில் தொடங்கிய 'ஒன்லிஃபேன்ஸ்' போன்ற தளம், உள்ளே புரளும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் 20 வெள்ளியைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அடிமை அழிந்தாலென்ன, அரசி மாறினாலென்ன, சுங்கச்சாவடிக்கு வரவு உறுதி! 'எளிதில் பணம்' என்று கேள்விப்பட்டு அரசி வேடம் பூணும் இளம்பெண்களும் தப்பிப்பதில்லை. அவர்கள் முகமும் படமும் ஒருமுறை வெளியேறினால் மீளா. நேற்றைய அடிமை நாளை பழிவாங்கும் பகைவனாகவும் வரலாம்.

எதிர்வாதிகளுக்கு

'அவன் பணம், அவன் விருப்பம். தடுக்க நீ யார்?' என்பது முதல் வாதம். தனிமனித உரிமைக்கு இலக்கணம் வகுத்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் வெளிவந்த அவருடைய நூலிலேயே இதற்கு மறுப்பு உண்டு. தன்னை அடிமையாக விற்கும் உரிமை சுதந்திரத்தில் அடங்காது. அந்த ஒரு செயலால் அவன் பின்னாளைய சுதந்திரம் அனைத்தையும் துறந்துவிடுகிறான் என்பது அவர் கருத்து. உரிமையின் பேரால் பேசுவோர் உரிமையின் ஆசானை முழுமையாகப் படித்ததில்லை போலும்.

இன்னும் கூர்மையான மறுப்பு நம்மிடமே உள்ளது. பாரத அவையில் தருமன் முதலில் தன்னைத் தோற்றான். பின்னர் பாஞ்சாலியைப் பணயம் வைத்தான். தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்டாள். 1912இல் வெளிவந்த பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் அக்கேள்வி ஒலிக்கிறது. வகுப்பறையில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடந்தானே இது! காசடிமை செலுத்தும் பணத்தில் வீட்டு வாடகை இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. தாயின் மருந்துச் செலவு இருக்கிறது. 'என் பணம்' என்று சொல்ல அவனுக்கு உரிமை ஏது? பணம் தீர்ந்ததும் ஆலோங்கிடம் கடன் வாங்கி, அவன் ஆட்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும்போது, அந்தச் சாயம் அவன் ஒருவன் மேல் மட்டுமா படுகிறது?

'இங்கே ஏமாற்று இல்லை. எல்லாம் தெரிந்தே கொடுக்கிறான்' என்பது இரண்டாம் வாதம். அச்சுறுத்திப் பணம் பறிப்பது சிங்கப்பூர், மலேசியா இரண்டின் தண்டனைச் சட்டத்திலும் 383ஆம் பிரிவு வரையறுக்கும் குற்றம். நேற்று விளையாட்டாகக் கொடுத்த எண், இன்று உண்மையான மிரட்டலுக்கு உரிமச் சீட்டாகிவிடாது. மேலும், மோசடிக்காரரை நம்பித் தாமே பணம் அனுப்பத் துடிப்பவரின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சிங்கப்பூர்க் காவல்துறைக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியுள்ளது. ஒருவனை அவன் கையிடமிருந்தே காக்க வேண்டிய நேரமும் உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சட்டம் மோசடிக்கு உரியது. ஏமாறாமலே அழிபவனை அது எட்டாது. அவனை எட்ட வேண்டியவர்கள் நாம்.

'அளவோடு நிறுத்தத் தெரிந்தவரும் உண்டு' என்பது மூன்றாம் வாதம். உண்டு, மறுக்கவில்லை. மனிதரின் அந்தரங்க விருப்பங்களைத் தூற்றுவதும் என் நோக்கமன்று. ஆனால் நிறுத்தத் தெரிந்தவனால் இவ்வணிகம் கொழுப்பதில்லை. நிறுத்தத் தெரியாதவனின் சேமிப்பில்தான் அது கொழுக்கிறது. 'போதும்' என்று சொன்னவனுக்கு வசையும் மிரட்டலும் வருமாயின், அங்கே இருப்பது விளையாட்டன்று, வேட்டை.

நாம் செய்ய வேண்டுவது

ஆசிரியப் பெருமக்களே! இக்கொட்டடியின் பூட்டு வெட்கம். கடன்பட்டவன் நண்பனிடம் சொல்வான். சூதில் தோற்றவன் மனைவியிடமாவது அழுவான். காசடிமை எவரிடமும் வாய் திறவான். நாம் ஒருமுறை எள்ளி நகைத்தால் அந்தப் பூட்டுக்கு மற்றொரு பூட்டும் சேரும். 'சூது' அதிகாரத்தைத் தேர்வுக்கு உரிய பத்துக் குறளாக மட்டும் நடத்தாதீர்கள். கைத்தொலைபேசியைச் சுட்டிக்காட்டி நடத்துங்கள். வாய் திறக்கும் மாணவனிடம் முதலில் செவியைக் கொடுங்கள். அறிவுரை பிறகு ஆகட்டும்.

மாணவமணிகளே! சிக்கியவர் எவரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்: விடைபெறும் காணிக்கை என்று ஒன்று இல்லை, தொடர்பை ஒரே வெட்டாக வெட்டுக. கடவுச்சொற்களை அன்றே மாற்றுக. மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் காவல்துறையிடம் காட்டுக. நம்பத்தக்க ஒருவரிடம் பணப்பொறுப்பைச் சில காலம் ஒப்படைக்க. சேமிப்பை வங்கியின் பணப்பூட்டு வசதிக்குள் வைக்க. கடனில் மூழ்கியோருக்கு மலேசியாவில் 2006 முதல் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை அமைப்பு உண்டு. பழக்கத்தின் பிடியில் உள்ளோருக்குச் சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு.

'சூது' அதிகாரத்தை அடுத்து வள்ளுவப் பெருந்தகை வைத்திருக்கும் அதிகாரம் எது தெரியுமா? 'மருந்து'. அளவை மீறுவதே நோய் என்றும், நோயின் வேரைத் தேடியே மருந்திட வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. காசடிமையின் வேர், 'எனக்கு மதிப்பில்லை' என்று ஒரு தனியறையில் ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல்லாகவும் இருக்கலாம். அந்த அறையின் கதவைத் தட்டுவோம். கைநாட்டு வைத்துக் கடல் கடந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். விருப்பம் என்னும் பெயரில் வரும் விலங்கை அடையாளம் காண நமக்குத் தெரியாதா?