ளுஹருக்கு மஹியங்கனை

பெற்றோல் காரை விற்ற நாளிலிருந்து எங்கள் உம்மாவுக்குக் காத்தான்குடி தூரமாகிப் போனது. 2022 இல் எரிபொருள் வரிசையில் வாப்பா இரண்டு இரவுகளைக் காருக்குள்ளேயே கழித்தார். கியூஆர் முறை வந்து வரிசை குறைந்த பிறகும் அந்தக் கசப்பு அவருக்குப் போகவில்லை. அடுத்த வருடம் பாவித்த நிசான் லீப் ஒன்றை வாங்கினார். பேராதனையிலிருந்து கண்டிக்கும் கம்பளைக்கும் அது சத்தமில்லாமல் ஓடியது. காத்தான்குடி என்று உம்மா வாயெடுத்தால் மட்டும், "கரண்ட் கார் கண்டிக்குள்ள ஓடத்தான் சரி" என்று பேச்சை முடித்துவிடுவார். அங்கே உம்மும்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. உம்மா வருடத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் போய் வந்தார்.

சென்ற ஓகஸ்டில் நாங்கள் காரிலேயே போய் வந்தோம். வாப்பாவின் பயம் வீண் பயம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருடைய பயம் நியாயமானது. அதைக் கணக்காக மாற்றிப் பார்க்க யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். நானாவோ மறுபக்கம். கார்த் திரையில் 210 கிலோமீற்றர் என்று காட்டியது. வீட்டிலிருந்து காத்தான்குடிக்கு ஏறக்குறைய 200. "போதும்தானே?" என்றார் நானா. என் கருத்தில் வாப்பாவின் பயத்தைவிட இந்தப் "போதும்தானே" ஆபத்தானது.

அந்த 210 என்பது கண்டியில் நாங்கள் ஓடிய ஓட்டத்தை வைத்துக் கார் போடும் மதிப்பீடு. அதற்கு மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளும் தெரியாது, கச்சானும் தெரியாது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வரண்டு சூடேறுகிறது. அதுதான் மட்டக்களப்பார் சொல்லும் கச்சான் காற்று. பேராதனையில் குடை பிடிக்கும் அதே ஓகஸ்டில் அங்கே மண் கொதிக்கும். போகும்போது அந்தக் காற்று முதுகுப் பக்கம். பாதையும் மொத்தத்தில் இறக்கம். திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே வரும், மலையும் ஏற வேண்டும். ஆகவே திட்டத்தைத் திரும்பும் வழியிலிருந்து போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

உயர்தரப் பௌதிகவியல் படிப்பவர்கள் இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடும் பொதிகளோடும் காரின் எடை 1,800 கிலோ என்று வையுங்கள். அதை 100 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வேண்டும். மின்பட்டியலில் வரும் அதே யூனிட்தான். புதிதில் 40 யூனிட் பிடித்த எங்கள் பற்றரி இப்போது 32 பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டேன். காத்தான்குடியிலிருந்து மஹியங்கனைக்கு 120 கிலோமீற்றர். எதிர்காற்றிலும் ஏசியோடும் யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர் என்றால் 20 யூனிட் முடிந்துவிடும். மிச்சம் 12. மஹியங்கனையிலிருந்து வீட்டுக்கு 80 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றத்தையும் சேர்த்தால் 15க்குக் குறையாது. அவசரத்துக்கு 6 கையிருப்பில் வைக்க வேண்டும். பற்றாக்குறை 9 யூனிட். சாதாரண 15 அம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். அப்படியானால் மூன்று மணித்தியாலம். வாப்பா இரண்டு வருடமாகப் பயந்தது இந்த மூன்று மணித்தியாலத்துக்குத்தான்.

ஏசியை நிறுத்திவிட்டால் பற்றரி மிஞ்சும் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். ஏசி எடுப்பது தூரத்துக்கு அல்ல, நேரத்துக்கு. மணிக்கு ஒரு யூனிட் என்றால் ஐந்து மணி நேரப் பயணத்தில் 5 யூனிட், அதாவது 30 கிலோமீற்றர். உண்மையான செலவுதான். ஆனால் அதை மிச்சப்படுத்தும்போது வேகுவது யார்? பின் சீட்டில் அபாயாவோடு இருக்கும் பெண்களும் மடியில் இருக்கும் பிள்ளைகளும். ஓட்டுகிறவருக்காவது கண்ணாடியைத் திறந்து கையை வெளியே போட முடியும். ஏசியைக் கணக்கில் சேர்க்காத திட்டம் குடும்பத்தைக் கணக்கில் சேர்க்காத திட்டம் என்று வாப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

மனிதரைப் போலவே பற்றரிக்கும் சூடு ஆகாது. லீப் காரின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது; சுற்றியுள்ள காற்றில்தான் ஆற வேண்டும். 2012 அளவில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனப் பகுதியில் இந்தக் கார்களின் பற்றரி சீக்கிரமே வலுவிழக்கிறது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 2018 மாதிரி வந்தபோது, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வேகச் சார்ஜ் போட்டால் பற்றரி சூடேறி, சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடுகிறது என்று ஐரோப்பாவில் முறையிட்டார்கள். அரிசோனா அளவுக்கு மட்டக்களப்பு சுடாது. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: வெயில் காலத்தில் அவசரப்படுகிறவருக்கு இந்தக் கார் இடம் கொடுக்காது.

ஆகவே வீட்டில் சார்ஜ் சுபஹ் நேரத்தை ஒட்டி முடியும்படி வைத்தோம். முழுச் சார்ஜோடு வெயிலில் நிற்பது பற்றரிக்கு நல்லதல்ல. பிளக்கில் இருக்கும்போதே ஏசியைப் போட்டுக் காரைக் குளிரவைத்து, தொழுதவுடன் புறப்பட்டோம். போகும்போதும் மஹியங்கனையில் நின்று காலைச் சாப்பாட்டை முடித்தோம். அங்கே வாப்பாவுக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் வீட்டில் பிளக் கிடைத்தது. காத்தான்குடியில் சின்ன மாமா பாசத்தோடு மெல்லிய நீட்டிப்பு வயர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை வாங்கி ஓரமாக வைத்தேன். பத்து மணித்தியாலம் தொடர்ந்து பாரம் இழுத்தால் அப்படிப்பட்ட வயர் உருகும். மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, சுவர்ப் பிளக்கின் வயரையும் எர்த்தையும் பார்க்கவைத்த பிறகுதான் காரைச் செருகினோம், அதுவும் வேப்பமர நிழலில் கார் நன்றாக ஆறிய பிறகு, இரவில். உம்மும்மா கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "குதிரைக்குத் தீனி வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போதுதான் சோதனை. வழியில் ஒரு சிறு நகரில் சார்ஜ் நிலையம் இருப்பதாகத் தொலைபேசி காட்டியது. போய்ப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது, கேட்கவும் ஆளில்லை. நாங்கள் அதை நம்பி வராததால் தேநீர் குடித்துவிட்டுப் போனோம். நம்பி வந்திருந்தால்? மஹியங்கனையை அடைந்தபோது பற்றரியில் 11 யூனிட் அளவுதான். என் கணக்கைவிட ஒன்று குறைவு. கச்சானை நான் குறைத்துத்தான் மதித்திருக்கிறேன்.

ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். முஸாபிருக்கு மார்க்கம் தந்த சலுகை. அதே வியாபாரி வீட்டில் சோறும், உம்மாவுக்கு ஒரு குட்டித் தூக்கமும் கிடைத்தன. நான்கு மணிக்கு வெயில் சாய்ந்ததும் மலையேறினோம். வீட்டுக்கு வரும்போது 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடவே மிச்சம், அல்ஹம்துலில்லாஹ்.

தெரிந்தவர் வீடு இல்லாதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வி வந்ததிலிருந்து என்னை விடவில்லை. செனரத் மன்னன் காலத்தில் முஸ்லிம்கள் கண்டி இராச்சியத்திலிருந்து மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தப்பட்டதாக வரலாறு சொல்கிறது. கண்டி முஸ்லிம்கள் தவளம் மாடுகளில் பொதி ஏற்றிக் கரையோரத்துக்கும் மலைக்கும் நடந்து வியாபாரம் செய்தவர்கள். பொதிமாட்டை வெயில் உச்சியில் யாரும் அடித்து ஓட்டியிருக்க மாட்டார்கள். நிழல், தண்ணீர், தொழ இடம் பார்த்துத்தான் தங்கியிருப்பார்கள். இன்று அந்த மூன்றும் வீதியோரப் பள்ளிவாசல்களில் இருக்கின்றன. இல்லாதது ஒரு 15 அம்பியர் பிளக்.

வழியில் ஒரு பள்ளிவாசலின் கூரையில் சூரியப் பலகைகள் மின்னியதைப் பார்த்தேன். நாட்டில் பகல் நேரச் சூரிய மின்சாரம் சில நாட்களில் மிஞ்சவும் செய்கிறது. 2025 ஏப்ரலில், புதுவருட விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, கூரைச் சூரிய மின்னைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ளுஹர் நேரமும், சூரிய மின்சாரம் கூடிய நேரமும், பற்றரியும் மனிதரும் ஓய்வெடுக்க வேண்டிய நேரமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

பள்ளிவாசலின் மின்சாரம் வக்பு. யாரும் இலவசமாக உறிஞ்சக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அதனால் தனி மீற்றர் பூட்ட வேண்டும், எந்த மதத்தவர் வந்தாலும் ஒரே கட்டணம் எழுதித் தொங்கவிட வேண்டும், தொழுகை நேரத்து வாகன நெரிசலுக்குத் தள்ளி நிழலில் இடம் ஒதுக்க வேண்டும். பெண்கள் உட்கார ஓர் அறையும் வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்று மணித்தியாலமும் எங்களுக்குக் காருக்குள்தான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டது. புது மின்கார்கள் தினமும் கண்ணில் படுகின்றன. நாளை இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வியாக மட்டும் இருக்காது.

எங்கள் ஜமாஅத் நிர்வாகத்துக்கு இதையெல்லாம் எழுதி, கணக்கையும் இணைத்துக் கடிதம் ஒன்று தயாரித்தேன். வாப்பா இரண்டு முறை வாசித்தார். "கச்சானுக்கு இன்னும் ஒரு யூனிட் கூட்டிப் போடு மகள்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார். பதில் இன்னும் வரவில்லை. டிசம்பரில் மீண்டும் காத்தான்குடி போவதென்று உம்மா முடிவு செய்துவிட்டார். அப்போது அங்கே வெயில் இல்லை, அடைமழை. கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.