ஆறடி பெல்ட்டை அலட்சியம் செய்யலாமா?



‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது பழமொழி. பெரிய தேர் ஓடும் ஊரில் கடை வைத்திருக்கும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கால் மிதி தையல் மிஷினுக்கு அச்சாணி போன்றது அதன் பெல்ட். ஆறடி நீளமுள்ள உருண்டைத் தோல் வார். விலையோ ஒரு சாதாரண ஜாக்கெட் தைக்கும் கூலியைத் தாண்டாது. அது அறுந்தால் மிஷின் நின்றது. மிஷின் நின்றால் அன்றைய வருமானம் நின்றது. அந்த பெல்ட் திருவண்ணாமலைக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிறதா?

பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதே நம் அனுபவம். நூல், பொத்தான், லைனிங் துணி மொத்த வியாபாரம் செய்யும் நம்மிடம் தையற்காரர்கள் தினமும் வருகிறார்கள். செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் தாய்மார்களும் உண்டு. நான்கு கடை ஏறி இறங்கிய பிறகு அவர்களுக்குக் கிடைக்கும் பதில், “இப்பல்லாம் அது வர்றதில்லைம்மா, மோட்டார் போட்டுக்குங்க” என்பதுதான். பஸ் செலவும் போய், அரை நாள் வேலையும் போய், வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பிறகு வீட்டில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறார்கள்.

கைவைத்தியமும் அதன் பலனும்

எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சரக்கின் தேவை அதில்தான் தெரியும்.

முதலில் கைக்கு வருவது கயிறு. நூல் கயிற்றை முறுக்கி, மெழுகு தேய்த்து மாட்டுவார்கள். ஓரிரு நாள் ஓடும்; பிறகு நீண்டு தொய்ந்து, பிசிறு விட்டு அறும். நைலான் கயிறு அறாது, ஆனால் வழுக்கும். கால் மிதிக்கும், பெரிய சக்கரம் சுற்றும், மேலே கைச்சக்கரம் பாதி நேரம் சும்மா நிற்கும்.

கயிற்றில் இன்னொரு கோளாறு முடிச்சு. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கைச்சக்கரம் ஏறத்தாழ நான்கு சுற்றுச் சுற்றும்; கைச்சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தையல் விழும். கணக்குப் போட்டால், எட்டு ஒன்பது தையலுக்கு ஒருமுறை அந்த முடிச்சு கைச்சக்கரத்தின் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. ஏறும்போதெல்லாம் மிஷின் ஒரு குலுக்கு குலுக்கும். அந்த மிஷினில் நேர்த்தியான தையலை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது சைக்கிள் டியூப். நீளவாக்கில் கீற்றாக வெட்டி மாட்டினால் நல்ல பிடிப்பு இருக்கும், வழுக்காது. ஆனால் ரப்பர் இழுபடும் பொருள். மிதிக்கும் வேகம் உடனே மேலே போகாது. நிறுத்த நினைத்தாலும் ஒரு தையல் கூடவே ஓடும். இழுவை அதிகமானால் மிதி கனத்து முழங்கால் வலிக்கும். அச்சும் ஒரு பக்கமாகத் தேயும்.

செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் தோலை வாராக அறுத்து வாங்குவது மூன்றாவது வழி. இருப்பதில் இதுவே மேல். தடிமன் ஒரே சீராக இருந்துவிட்டால் கடையில் வாங்கிய பெல்ட்டுக்கு இது குறைந்ததல்ல.

அண்மைக் காலமாக பிளாஸ்டிக் உருட்டு பெல்ட்டும் வருகிறது. இரு முனைகளையும் சூடான கத்தியில் காட்டி ஒட்ட வேண்டும். ஈரத்துக்கு அசையாது என்பது அதன் நன்மை. ஒட்டிய இடத்தில் பிதுங்கிய பகுதியைச் சீவி விடாவிட்டால், முடிச்சுக்குச் சொன்ன குறை இதற்கும் வரும்.

தோலுக்கும் ஒரு குணம் உண்டு. ஈரக் காற்றில் தொய்யும், வெயிலில் இறுகும். ஐப்பசி மழையில் பெல்ட் தொய்வதும், தீபாவளித் தையல் குவிவதும் ஒரே சமயத்தில் வருகின்றன. அவசரத்தில் இரண்டு அங்குலம் வெட்டி விடுகிறார்கள். மழை ஓய்ந்ததும் பெல்ட் இறுகி அறுகிறது. விரற்கடை அளவுக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. இரவில் வேலை முடிந்ததும் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றி விட்டால் ஆயுள் கூடும். எண்ணெய் பட்டு வழுக்கினால் துடைத்துவிட்டுச் சாக்கட்டித் தூள் தேய்த்தால் போதும். பெல்ட் விற்கும்போது இந்த நான்கு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் வாடிக்கையாளர் நம்மை மறக்க மாட்டார்.

“யார் இப்போது மிதிக்கிறார்கள்?”

சக வியாபாரிகள் சிலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். புதிதாகக் கடை வைப்பவர்கள் மோட்டார் மிஷினைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் பழைய மிஷின்கள் எங்கே போயின? 1930களில் கல்கத்தாவில் ஜெய் என்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா மிஷினைத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கும் முன்பே வந்த சிங்கர், பின்னாளில் லூதியானாவிலிருந்து வந்த பல பெயர் மிஷின்கள் எல்லாம் வார்ப்பிரும்புச் சரக்கு. எண்ணெய் விட்டால் மூன்று தலைமுறை ஓடும். தாய் வீட்டுச் சீராக வந்த மிஷினை எடைக்குப் போட மனம் வருமா? தமிழக அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் கைம்பெண்களுக்கும், கணவரால் கைவிடப்பட்டோருக்கும், ஏழைப் பெண்களுக்கும் பல ஆண்டுகளாக இலவசமாகத் தையல் மிஷின் வழங்கி வருகிறது. அப்படிக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்த மிதி மிஷின்கள் ஏராளம்.

மின்சாரம் போனால் மோட்டார் மிஷின் நின்றுவிடும். 2012இல் நம் மாவட்டங்கள் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருளில் கிடந்தபோது துணி தைத்துக் கொடுத்தவை கால் மிஷின்களே. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது சுய உதவிக் குழுப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே முகக்கவசம் தைத்துத் தள்ளினார்கள். கடைகள் மூடியிருந்த அந்த நாட்களில் கயிற்றையும் டியூபையும் மாட்டி ஓட்டிய பலரை நாம் அறிவோம்.

1924இல் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர், இயந்திரங்கள் அனைத்தையுமே எதிர்க்கிறீர்களா என்று மகாத்மா காந்தியிடம் கேட்டார். விதிவிலக்காக அண்ணல் எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் மிஷினை. மனிதனின் கையை வெட்டிப் போடாமல், அவன் பாரத்தைக் குறைக்கும் கருவி என்பது அவர் கருத்து. கேள்வி கேட்ட அந்த இளைஞரே பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்.

வியாபாரக் கணக்கு

தர்மம் ஒருபுறம் இருக்கட்டும், லாபக் கணக்கையும் பார்ப்போம். பெல்ட்டில் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். ஆனால் பெல்ட் வாங்க வருபவர் வெறும் பெல்ட்டோடு போவதில்லை. ஊசி, பாபின், நூல்கண்டு, எண்ணெய், கொக்கி என்று கை நீளும். பெல்ட் இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால் மற்ற சாமான்களும் சேர்ந்து போகின்றன. அவருடைய மகன் கைபேசியில் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறான். அடுத்த முறை நூலையும் அங்கேயே வாங்குகிறான். ஆன்லைன் வியாபாரத்தை எதிர்த்துத் தீர்மானம் போடுகிற நாம், அதற்கு நாமே வாடிக்கையாளரை அனுப்பி வைக்கலாமா?

சரக்கு தேங்கும் என்ற பயமும் வேண்டியதில்லை. துண்டு துண்டாக வாங்காமல் கட்டாக வாங்கி அடிக்கணக்கில் வெட்டிக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காற்றாடத் தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்காது. வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்க, எங்கோ வடக்கிலிருந்து வரும் சரக்குக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

தரத்தில் கவனம் தேவை. வெளியூர் நிறுவனம் ஒன்று நமக்கு ஒருமுறை அனுப்பிய கட்டில், பில்லில் 5 மில்லிமீட்டர், சரக்கில் 4 மில்லிமீட்டர். இடையிடையே பசை போட்டு ஒட்டிய இணைப்புகள் வேறு. திருப்பி அனுப்பி விட்டோம். மெலிந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் புதைந்து வழுக்கும். பழி விற்றவர் மேல்தான் விழும். வளைத்துப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்குங்கள்.

2022இல் மத்திய அரசு ‘பழுது நீக்கும் உரிமை’ பற்றிக் குழு அமைத்து, அதற்கென இணையதளமும் தொடங்கியது. உதிரி பாகம் கிடைக்காததாலேயே நல்ல பொருளைத் தூக்கி எறியும் நிலை வரக் கூடாது என்பதே அதன் நோக்கம். உலகமே இதைப் பேசுகிறது. கைபேசிக்கும் டிராக்டருக்கும் பொருந்தும் நியாயம் கால் மிஷினுக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 22 முதல் தையல் மிஷினுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. வரி குறைந்தால் மட்டும் போதாது. சாமான் கடையில் இருக்க வேண்டும்.

எனவே சங்க உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. தையல் சாமான் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு கட்டு தோல் பெல்ட்டும் ஒரு டப்பா இணைப்புக் கொக்கியும் எப்போதும் இருக்கட்டும். நம்மிடம் தீர்ந்து போனால், “இல்லை” என்று மட்டும் சொல்லாமல், இருக்கும் கடையைக் காட்டி அனுப்புவோம். இலவச மிஷின் வழங்கும்போது கூடவே ஒரு மாற்று பெல்ட்டும் தர வேண்டும் என்று சமூக நலத்துறைக்குச் சங்கத்தின் சார்பில் மனு கொடுப்போம்.

பட்டுப்புடவை வாங்க வருபவரை நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். ஆறடி பெல்ட் கேட்டு வருபவரும் நம் கடைப்படி ஏறி வந்தவர்தான். அவர் வீட்டுச் சக்கரம் சுற்றினால்தான் நம் கல்லாவும் நிறையும்.