ஆத்துல இருந்து போறது மணல் மட்டும் இல்ல, தோழர்களே!



மணல் கொள்ளைன்னு சொன்னாலே நாம மூணு விஷயம் பேசுவோம். நிலத்தடி நீர் இறங்குது, பாலத்தோட அடித்தூண் வெளியே தெரியுது, அரசு வருமானம் போகுது. மூணும் உண்மை. ஆனா எந்த மேடையிலயும் பேசாத நாலாவது இழப்பு ஒண்ணு இருக்கு: ஆத்தோட அடித்தரையில வாழுற உயிர்கள்.

என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவனுக்கு மணல்னா கான்கிரீட்ல கலக்குற சரக்கு. அயிரை மீனுக்கு அதுதான் வீடு. ஆபத்துன்னா மணலுக்குள்ள புகுந்துக்கும். ஆரலும் அப்படித்தான். மட்டி மணல்ல பாதி புதைஞ்சு கிடந்து, தண்ணியை உள்ளே இழுத்து வடிகட்டி வெளியே விடும். கரண்ட் பில் இல்லாத சுத்திகரிப்பு நிலையம் அது! கூழாங்கல் இடுக்குல தட்டான் மாதிரி பூச்சிகளோட இளம்புழுக்கள் வளரும். மீன்களுக்கு அதுதான் சாப்பாடு.

பொக்லைன் இறங்கினா இது எல்லாமே மணலோட சேர்ந்து லாரியில ஏறிடும். கலங்கின சேறு கீழ்ப்பக்கமாப் போய்ப் படிஞ்சு, மணல் இடுக்குகளை அடைக்கும். அங்க ஆக்சிஜன் போகாது, முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். மட்டியோட இளம்பருவம் மீனோட செவுளைப் பிடிச்சுத்தான் வளரணும். மீன் போனா மட்டியும் திரும்பாது.

"அடுத்த வெள்ளத்துல மணல் வந்துடும்ல?" முழுசா வராது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிஞ்சதுல இருந்து, மேல இருந்து வர்ற மணல்ல பெரும்பகுதி அணைக்குள்ளயே தங்கிடுது.

சட்டம் இல்லாம இல்லை. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு உச்ச நீதிமன்றம் 2012-லயே சொல்லிடுச்சு. 3 மீட்டருக்கு மேல தோண்டக் கூடாதுன்னு மத்திய அரசோட 2016 வழிகாட்டுதல் சொல்லுது. 2010-ல் தாமிரபரணிக்காகத் தோழர் நல்லகண்ணு நீதிமன்றத்துல தானே வாதாடினார். மதுரைக் கிளை 5 வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை போட்டது. கேட்டா கிடைக்கும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி.

வீடு கட்ட மணல் வேணும்தான். அதுக்கு எம்-சாண்ட் இருக்கு, அணைகள்ல தூர்வாருற மணலும் இருக்கு. அதுக்கும் தரக் கட்டுப்பாடு, மலைக்கு வரம்பு ரெண்டும் வேணும்.

நம்ம கோரிக்கை இதுதான். குவாரிக்கு அனுமதி தர்றதுக்கு முன்னாடியும், ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்ச பிறகும், அந்த இடத்துல மட்டி, அயிரை, பூச்சிப்புழு எவ்வளவு இருக்குன்னு கணக்கெடுக்கணும். அதைத் தமிழ்ல ஊராட்சி அலுவலகத்துல ஒட்டணும். எண்ணிக்கை சரிஞ்சா குவாரியை மூடணும். மீன் முட்டையிடுற மாசங்கள்ல யாரும் அள்ளக் கூடாது.

கடைசியா ஒண்ணு. லாரி யாரோடதுன்னு பார்த்துட்டு வாய் திறக்காதீங்க. நம்ம கொடி கட்டின லாரியா இருந்தாலும் தப்பு தப்புதான். அடுத்த கிராம சபையில இந்தக் கேள்வியை எழுந்து கேளுங்க, தீர்மானமாப் பதிவு பண்ணச் சொல்லுங்க. பதிவைப் பகிருங்க.

#ஆறுகாப்போம் #மணல்கொள்ளை