நிறைக்குப் போன மூக்குப்பேணிகள்

"இனி இதுகளை ஆர் வாங்கப்போகினம்?"

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பழைய வீடு ஒதுக்கும் எந்த முற்றத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்பவர் அநேகமாக வீட்டுக்காரர் அல்ல, தராசோடு வந்து நிற்பவர். பழைய சாமானுக்குச் சந்தை விழுந்துவிட்டது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டாம், கிலோக் கணக்கில் கொடுத்துவிட்டு இடத்தை ஒதுக்குங்கள் என்பது இப்போது ஊர்ப் பேச்சாகிவிட்டது. படித்தவர்களும் அதையே சொல்கிறார்கள். அது தவறு, வாங்க வருபவருக்கு மட்டும் வசதியான தவறு.

வாங்க ஆளில்லை என்றால் அவர் ஏன் கிழமை தவறாமல் ஒழுங்கைக்குள் வருகிறார்? 2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த சில மாதங்களிலேயே எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வான் வந்தது. பெரியம்மாவின் சாய்மனைக் கதிரையைக் கண்டதும் இறங்கியவர் பின்னல் போன இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். "இது இருக்கேலாத கதிரை அம்மா" என்றார். மூன்று பிளாஸ்ரிக் கதிரைகளுக்குப் பேரம் முடிந்தது. அந்தப் பிளாஸ்ரிக் மூன்றும் வெயிலில் வெடித்துப் போய்க் கனகாலம். சாய்மனைக் கதிரை இன்றைக்கும் எங்கோ ஒரு விறாந்தையில் நல்ல விலைக்கு நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது, 2009இல் போர் முடிந்த பிறகு திறந்தது, வான்களும் திரும்பி வந்தன. ஆளில்லாத சந்தைக்கு இத்தனை தூரம் ஒருவரும் எண்ணெய் எரித்து வரமாட்டார்கள்.

அடுத்து, "உலகம் முழுக்க விழுந்துவிட்டது" என்கிறார்கள். இதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் விக்டோரியா காலத்துக் கறுத்த மரத் தளபாடங்களின் விலை கடந்த இருபது, இருபத்தைந்து வருடங்களில் மோசமாக விழுந்தது. அங்கே வீடுகள் சிறுத்துவிட்டன. தொழிற்சாலைத் தளபாடம் மலிந்தது. முதியவர்களின் வீடுகளிலிருந்து ஒரே மாதிரி அலுமாரிகள் வந்து சந்தையில் குவிந்தன. எங்களிடம் எது குவிந்து கிடக்கிறது? வலிகாமம் வடக்கு 1990இல் போரால் இடம்பெயர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுதும் வெளிக்கிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்த பலருக்குக் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. இத்தனைக்கும் தப்பிய பெட்டகங்கள் எத்தனை இருக்கும்? மலிந்த பொருளின் கணக்கை அருகிய பொருளுக்குப் போட முடியாது. காரைக்குடியைப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து போன தூணுக்கும் கதவுக்கும் பாத்திரத்துக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக வியாபாரம் நடக்கிறது.

விலை இழந்தவையும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். போர்மைக்கா மேசை, கண்ணாடி அலுமாரி, பூப்போட்ட பீங்கான் செற் இவற்றுக்கு இப்போது பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் அவற்றைக் காட்டிப் பித்தளையையும் அதே விலைக்கு இறக்குவதுதான் நடக்கிறது.

"பித்தளை என்றால் நிறைதானே விலை?" இந்தப் பேச்சுத்தான் அதிகம் கெடுக்கிறது. எங்கள் சனம் அடைவு கடையில் பழகிய சனம். பவுண் கணக்கிலேயே வாழ்ந்ததால், உலோகம் என்றவுடன் தராசுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கிலாவது சரியாகக் கிடைத்ததா? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். 2021 மேயில் லண்டன் சந்தையில் செம்பு தொன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டியது. 2022இல் எங்கள் ரூபாய் விழுந்து, 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. நிறைக்கே விலை ஏறிய அந்த நாட்களிலும் முற்றத்தில் சொன்னது, "இப்ப விலை இல்லை அம்மா" என்றுதான்.

ஒரு மூக்குப்பேணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் குருவியின் அலகு போல மூக்கு. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க, தேத்தண்ணீர் நூல் போல இறங்கும். பித்தளை வேலை செய்யும் கன்னார் தட்டி அடித்த பேணி என்றால் உட்புறத்தில் விரலை ஓட்டும்போது சுத்தியல் பட்ட பள்ளங்கள் தட்டுப்படும். அந்தக் குடிமுறைக்குப் பின்னால் சாதித் தீட்டும் இருந்தது. சிலருக்கு இந்தப் பேணி நீட்டப்படவில்லை, சிரட்டையில்தான் ஊற்றினார்கள். அதற்கும் இந்தப் பேணியே சாட்சி. தராசுக்காரர் இதைச் சாக்குக்குள் போடுமுன் இடம் மிச்சம் பிடிக்கக் காலால் மிதித்து நசுக்குகிறார். முதலில் போவது மூக்கு. ஆனால் நாவற்குழியில் 2020இல் திறந்த சிவபூமி அருங்காட்சியகத்துக்குப் போனால், நேற்றுவரை எங்கள் குசினிகளில் புழங்கிய சாமான்களைச் சனம் நின்று பார்ப்பதைக் காணலாம்.

பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதை யார் கேட்டுச் சொன்னார்கள்? ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகளுக்கு வீட்டுச் சாமான்களை வீடியோவில் காட்டினேன். குத்துவிளக்கைத் தாண்டிப் போய்விட்டாள். "அம்மம்மாவின்ர பாக்குவெட்டி எங்க மாமா?" என்று கேட்டாள். அது அதற்கு முந்திய வருடமே நிறைக்குப் போயிருந்தது. கொண்டுபோக விடமாட்டார்கள் என்று பயப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும், அது உண்மை. அதைத் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டுமே தவிர, தராசுக்காரரிடம் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூரை திருத்தக் காசு தேவைப்படுகிற வீடுகளை எனக்குத் தெரியும். விற்கிறவர் இரண்டு பேரிடமாவது விலை கேட்கட்டும். படம் எடுத்து வைக்கட்டும். யார் வாங்கியது, எந்தக் கலியாணத்துக்கு வந்தது என்று எழுதி அதோடு கொடுக்கட்டும். கதை தெரிந்த சாமானுக்கு வாங்குகிறவர் கூடுதலாகத் தருவார். அதனால்தான் அவர் கதையை எங்களிடம் கேட்பதில்லை, பின்னல் போன இடத்தைக் காட்டுகிறார்.

1995இல் வெளிக்கிட்ட அந்த இரவு நாவற்குழிப் பாலத்தில் மழை. நகர முடியாமல் நின்ற சனத்துக்குள் அம்மா பையைத் துழாவி ஒரு மூக்குப்பேணியை எடுத்தா. குடை விளிம்பில் வடிந்த தண்ணீரை அதில் ஏந்தி, எங்கள் நாலு பேருக்கும் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பிள்ளைக்கும் ஊற்றினா. அந்தப் பேணி இப்போது என் மேசையில் இருக்கிறது. அடியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டி, அந்தத் திகதியை எழுதியிருக்கிறேன்.