வேலை போனதை மறைக்காதீங்க, 60 நாள்தான் இருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுசா படிங்க. வீட்டுல யாராவது தொழிற்சாலையிலோ கடையிலோ ஆபிஸ்லயோ வேலை செய்றாங்கன்னா அவங்களுக்கும் காட்டுங்க.

நாங்க கோயில்ல வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்குற, பாத்திரம் கழுவுற தொண்டர்கள். பொருளாதாரம் பேசுற ஆளுங்க இல்ல. ஆனா அன்னதான வரிசையைப் பார்த்தாலே நாட்டு நடப்பு தெரியுது. முன்னே மூணு பானை சோறு வடிச்சா மிச்சம் இருக்கும். இப்போ அஞ்சு பானையும் காலி. சாப்பிட்டு முடிச்சுட்டு, "வீட்டுக்கு ஒரு பொட்டலம் கிடைக்குமா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்கிறவங்க கூடிட்டாங்க. 1998-லயும் இப்படித்தான் இருந்துச்சுன்னு எங்க மூத்த தொண்டர்கள் சொல்றாங்க. 2020-ஐ நாங்களே பார்த்தோம்.

இன்னைக்கு எழுத வந்தது ஒரு அண்ணனைப் பற்றி. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவரும் அண்ணியும் சம்மதிச்ச பிறகுதான் எழுதுறோம். "நாலு பேருக்கு உபயோகமா இருந்தா எழுதுங்க"ன்னு சொன்னதே அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி சட்டையோட கோயிலுக்கு வந்தார். "என்னண்ணே இந்த நேரத்துல?"ன்னு கேட்டோம். "நைட் ஷிப்ட் மாத்திட்டாங்க"ன்னார். அடுத்த வாரமும் வந்தார். "லீவு பாக்கி இருக்கு, முடிக்கச் சொல்றாங்க"ன்னார். அதுக்கு அப்புறம் நாங்க கேட்கவே இல்ல. குத்துவிளக்கு தேய்ச்சார், திரி போட்டார், ஸ்டோர் ரூமைக் கூட்டிச் சுத்தம் பண்ணார். ஆள் பற்றாக்குறையில தவிச்ச எங்களுக்கு, சாமியே அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு. சந்தோஷமா வேலை வாங்கினோம். உண்மை அதுதான்.

நடுவுல ஒருநாள், "வேலை இடத்துல கொஞ்சம் பிரச்சினை, மனசே சரியில்ல"ன்னு சொன்னார். எங்கள்ல ஒருத்தர், "சனி சரியில்லண்ணே, ஒன்பது சனிக்கிழமை எள் விளக்கு ஏத்துங்க"ன்னு சொன்னார். தவறாம ஏத்தினார். திருவிழாவுக்கு வழக்கம்போல ஒருநாள் உபயமும் எடுத்தார், 1,200 வெள்ளி. நாங்க ரசீது போட்டு, உபயதாரர் பலகையில பெயர் எழுதி, மாலை போட்டு மரியாதை செஞ்சோம்.

அதுக்கப்புறம் அண்ணி எங்களுக்குப் போன் செஞ்சாங்க. "மோட்டார் ரிப்பேருன்னு சொல்ல அவர் கம்பெனிக்குப் போன் அடிச்சேன். அவர் வேலையை விட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுன்னு சொல்றாங்க. தினமும் காலையில சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேனே, எங்கதான் போறார்?"

எங்க போறார்னு எங்களுக்குத் தெரியும். ஏன் வர்றார்னுதான் கேட்காம விட்டோம்.

அன்னைக்குச் சாயந்திரம் அடுப்படி பின்னால உட்கார வச்சுப் பேசினோம். 18 வருஷ வேலை. சூப்பர்வைசர் நாலு பேரைக் கூப்பிட்டு, "ஆர்டர் இல்ல, இந்தக் கடிதத்துல சைன் வச்சா மூணு மாசச் சம்பளம் உடனே பேங்குக்கு வந்துடும், இல்லன்னா இழுத்துக்கிட்டே போகும்"னு சொல்லியிருக்கார். சைன் வச்சுட்டார். எங்க தொண்டர் குழுவுல பல்கலைக்கழகத்துல படிக்கிற தங்கச்சி ஒருத்தி அந்தக் கடிதத்தை வாங்கிப் படிச்சுப் பார்த்தா. "அண்ணே, இது அவங்க உங்களை நிறுத்துற கடிதம் இல்ல. நீங்களே வேலையை விடுறதா எழுதிக் கொடுத்தது"ன்னா. மேல 'பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்'னு போட்டிருந்துச்சு, அதாவது ராஜினாமா. ஆள் குறைப்புன்னா 'பெம்பெர்ஹெந்தியான்'னு வந்திருக்கணும். தேதியை எண்ணிப் பார்த்தோம். 71 நாள்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு எங்கள்ல பாதிப் பேருக்கு அப்போ தெரியாது. இப்போ தெரியும், அதனால சொல்றோம்.

2018 ஜனவரியிலிருந்து பெர்கேசோவில் வேலை காப்புறுதித் திட்டம்னு ஒண்ணு இருக்கு. உங்க சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க, 'எஸ்ஐபி' அல்லது 'இஐஎஸ்'னு ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும். சம்பளத்துல 0.2 விழுக்காடு நீங்க கட்டுறீங்க, அதே அளவு முதலாளியும் கட்டுறார். 2,500 வெள்ளி சம்பளம்னா உங்க பங்கு மாதம் 5 வெள்ளி அளவுதான். ஆள் குறைப்புல வேலை போனா, முதல் மாதம் சம்பளத்துல 80 விழுக்காடு, ரெண்டாவது மாதம் 50 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைஞ்சு, சந்தா கட்டின காலத்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். புது வேலை தேடவும் பயிற்சிக்கும் அவங்களே உதவுவாங்க. இது யாரும் போடுற பிச்சை இல்ல, நாம கட்டின காசு. ஆனா வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள்ள விண்ணப்பம் போடணும். நீங்களா ராஜினாமா செஞ்சதாகக் கடிதம் இருந்தா இது கிடைக்காது.

அநியாயமா நீக்கிட்டாங்க, மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு முறையிட தொழிலியல் உறவு இலாகா இருக்கு. அங்கேயும் அதே 60 நாள்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. மாதம் 4,000 வெள்ளிக்குள்ள சம்பளம் வாங்குறவங்களை ஆள் குறைப்பு செஞ்சா, சட்டப்படி இழப்பீடு உண்டு. ஒரு வருஷம் முடிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ரெண்டிலிருந்து அஞ்சு வருஷத்துக்குள்ளன்னா 15 நாள், அஞ்சு வருஷமும் அதுக்கு மேலும்னா 20 நாள். அண்ணனுக்கு 18 வருஷம். 18-ஐ 20-ஆல பெருக்குங்க, 360 நாள் சம்பளம். அவர் வாங்கின 2,500 வெள்ளிக்கு இது 29,000 வெள்ளிக்கு மேல வரும். அவருக்குக் கிடைச்சது மூணு மாசச் சம்பளம், 7,500 வெள்ளி. ஒரு கையெழுத்தோட விலை இது.

ஒன்பது சனிக்கிழமை விளக்கு ஏத்தி முடிச்சப்போ, அந்த 60 நாளும் முடிஞ்சு போச்சு.

விளக்கு ஏத்துறது தப்புன்னு நாங்க சொல்லல. நாங்களும் ஏத்துறோம். மனசு உடைஞ்சவனுக்கு ஒரு தைரியம் வேணும், அதுக்குத்தான் கோயில். ஆனா சனிக்கிழமை விளக்கு ஏத்தினவரை, திங்கட்கிழமை காலையில பெர்கேசோ ஆபிஸுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். விளக்கு ஏத்தச் சொல்லத் தெரிஞ்ச எங்களுக்கு, "என்ன பிரச்சினைண்ணே?"ன்னு உட்கார்ந்து கேட்கத் தெரியல.

அவர் ஏன் சொல்லல? அதையும் கேட்டோம். "சொன்னா என்ன கேட்பீங்க? ஏன் நிறுத்தினாங்க, என்ன தப்பு பண்ணீங்கன்னுதானே? மக பாலிடெக்னிக்ல படிக்கிறா. இவ அப்பாவுக்கு வேலை இல்லையாம்னு கல்யாண வீட்டுல பேசுவீங்க"ன்னார். எங்களுக்குப் பதில் இல்ல. நாம அப்படித்தான் பேசுறோம். ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லன்னா பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கிறோம். வேலை போச்சுன்னா முதுகுக்குப் பின்னால பேசுறோம். ஆர்டர் குறைஞ்சு கம்பெனி ஆளைக் குறைச்சா, அதுல அந்த மனுஷன் செஞ்ச தப்பு என்ன?

உபயப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு அண்ணி சொன்னாங்க. வளையலை அடகு வச்சிருக்கார். "வருஷா வருஷம் செஞ்சுட்டு இந்த வருஷம் விட்டா எல்லாரும் கேட்பாங்க"ன்னு பயம். நாங்க பலகையில எழுதின அந்தப் பெயர்தான் அவரை அடகுக் கடைக்கு அனுப்பிச்சு.

அந்த 1,200 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கணும்னு நாங்க நிர்வாகத்துல பேசினோம். பெரிய வாக்குவாதம். "சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கினா அவருக்குத்தான் தோஷம்"னு ஒரு பெரியவர் சொன்னார். "இன்னைக்கு ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க"ன்னு பொருளாளர் சொன்னார். "கோயில் வேலை பூஜை நடத்துறது, வேலை தேடிக் கொடுக்கிறது அரசாங்கத்தோட வேலை"ன்னு இன்னொருத்தர். இதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டோம். கோயில் கணக்கு ஊர்ப் பணம், ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்க முடியாது. அதனால கணக்கைத் தொடாம, நாங்க தொண்டர்கள் பதினாறு பேர் சேர்ந்து போட்டு அந்த வளையலை மீட்டுக் கொடுத்தோம். ஆனா எங்க கருத்தை மாத்திக்கல. வேலை இல்லாதவர் நகையை அடகு வச்சு உபயம் செய்யணும்னு எந்த அம்மனும் கேட்கல. கேட்கிறது நம்ம பலகை.

எங்க தாழ்மையான கருத்து இதுதான். நம்ம தாமான்ல வேலை போன செய்தியை ஒருத்தர் தலைகுனியாம சொல்லக்கூடிய முதல் இடமா கோயில் இருக்கணும். பண உதவி ரெண்டாவது. ஆளைத் தெரிஞ்சுக்கிறதுதான் முதல்ல. 60 நாளுக்குள்ள தெரிஞ்சா எவ்வளவோ செய்யலாம், 71-வது நாள் தெரிஞ்சா அழத்தான் முடியும்.

அதனால வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம், அன்னதானக் கூடத்துல ஒரு மேசை போட்டிருக்கோம். மலாய் நல்லாப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு பேர் உட்கார்வாங்க. கம்பெனி கொடுத்த எந்தக் கடிதமா இருந்தாலும் கொண்டு வாங்க, படிச்சுச் சொல்வாங்க. பாரம் நிரப்பித் தருவாங்க, தேவைன்னா கூடவே வருவாங்க. பெயர் எழுத மாட்டோம், வெளியே பேச மாட்டோம். அடுத்த வருஷத்திலிருந்து பெயர் போடாத ஊர் உபயம்னு ஒருநாள் வைக்கவும் கேட்டிருக்கோம். அஞ்சு வெள்ளி கொடுத்தாலும் சரி, ஒரு மணி நேரம் காய் நறுக்கினாலும் சரி, அது உபயம்தான்.

வேலை போனவங்களுக்கு நாங்க சொல்றது நாலே விஷயம்.

ஒண்ணு, கம்பெனி நீட்டுற கடிதத்துல அன்னைக்கே சைன் வைக்காதீங்க. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வர்றேன்"னு மரியாதையா சொல்லுங்க.

ரெண்டு, அன்னைக்கு ராத்திரியே வீட்டுல சொல்லுங்க. மறைச்சா செலவு குறையாது, கடன்தான் கூடும்.

மூணு, காடி தவணை, வீட்டுத் தவணை கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, பாக்கி விழறதுக்கு முன்னாலேயே பேங்குக்குப் போய்ப் பேசுங்க. இல்லன்னா ஏகேபிகே-க்குப் போங்க. பேங்க் நெகாரா 2006-ல ஆரம்பிச்சது, ஆலோசனைக்குக் காசு கிடையாது. தவணையைக் குறைச்சு, காலத்தை நீட்டிக் கட்ட வழி செய்வாங்க. விளக்குக் கம்பத்துல ஒட்டியிருக்கிற ஆலோங் நம்பருக்கு மட்டும் போன் போடாதீங்க. லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைக்காரர் ஜாமீன் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல வாங்கக் கூடாதுங்கறது சட்டம். ஆலோங்குக்கு எந்தச் சட்டமும் இல்ல, அவன் உங்க வாசலுக்கே வருவான்.

நாலு, ஈபிஎஃப்ல கைவைக்கிறதைக் கடைசியா வைங்க. 'ஃபிளெக்சிபெல்' கணக்குல இருந்து 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம்னு இருக்கு, எடுக்கிறது சுலபம். கோவிட் காலத்துல எடுத்துட்டு இப்போ கணக்குல ஒண்ணும் இல்லாம நிக்கிறவங்களைப் பார்க்கிறோம். அண்ணனும் அதுல ஒருத்தர்.

அண்ணன் இப்போ ஒரு கிடங்குல வேலைக்குச் சேர்ந்திருக்கார். சம்பளம் முன்னைவிடக் குறைச்சல். இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் இலாகாவுல மனு கொடுத்திருக்கோம். ஜெயிப்போம்னு சொல்ல முடியாது, கையெழுத்து அவரோடது. அவர்கூட சைன் வச்ச மத்த மூணு பேர்ல ஒருத்தரைத்தான் கண்டுபிடிக்க முடிஞ்சது. மீதி ரெண்டு பேர் எந்தக் கோயில்ல, எந்தத் தேத்தண்ணிக் கடையில உட்கார்ந்திருக்காங்களோ தெரியல.

அதனால வேலை நேரத்துல கம்பெனி சட்டையோட யாராவது தனியா உட்கார்ந்திருந்தா, வேலை வாங்காதீங்க, பரிகாரமும் சொல்லாதீங்க. "சாப்பிட்டீங்களாண்ணே?"ன்னு கேளுங்க. ஒரு தட்டு சோறு வச்சுட்டுப் பக்கத்துல உட்காருங்க. அவரே சொல்வார்.

தெரிஞ்சவங்களுக்குப் பகிருங்க. எங்க எழுத்துல பிழை இருந்தா மன்னிக்கணும்.

ஓம் சக்தி.