பழைய ஜீப்பின் உண்மையான விலை

வெள்ளறடையிலிருந்து பனச்சமூடு சந்தைக்குச் செல்லும் சாலையில் காலைப் பொழுதில் நின்றால், மரச்சீனியும் ஏத்தன் குலைகளும் ரப்பர் ஷீட்டுகளும் ஏற்றிய பழைய ஜீப்புகளைக் காணலாம். மேடும் பள்ளமுமான தோட்டப் பாதைகளில் ஏறி இறங்க இவற்றையே சிறு விவசாயிகள் நம்பியிருக்கின்றனர். பழைய வண்டியை வாங்கிச் சீர்செய்து பயன்படுத்துவது பெரும்பாலும் அறிவுடைய முடிவே. கனமழை நாட்களில் பால்வெட்டு நிற்கும். புதிய வண்டிக்கான மாதத் தவணை நிற்காது. ஆனால், விற்பவர் சொல்லும் தொகையையே வண்டியின் விலையென்று கொள்வது பெரும் பிழை என்பது நம் கருத்து.

அண்மையில் நம் கிளைக்கு வந்த விவசாயி ஒருவர், எல்லைக்கு அப்பால் வாங்கிய ஜீப்புக்கு எஞ்சின் வேலை முடித்து, வண்ணமும் பூசிய பின்னரே பதிவுச் சான்றைக் காட்டினார். வண்டியின் மீது முன்பு கடன் கொடுத்தவரின் பெயர் அதில் நீக்கப்படாமல் இருந்தது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. ஓராண்டு ரப்பர் ஷீட் விற்ற பணத்தை அதில் போட்டிருந்தும், அவரால் வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற இயலவில்லை. அதன் மீது நம்மாலும் கடன் வழங்க இயலவில்லை.

1956 நவம்பர் 1 வரை இப்பகுதியும் விளவங்கோடு வட்டமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. உறவும் வணிகமும் இன்றும் அவ்வாறே தொடர்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் மட்டும் இவற்றை இரு மாநிலங்களாகவே காண்கிறது. வேற்று மாநிலப் பதிவு கொண்ட வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முதலில் பதிவுசெய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. இங்கு வரியும் செலுத்த வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான்கு சக்கர வண்டிகளுக்கு 600 ரூபாயாக இருந்த அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பின் இருக்கைகளை எடுத்துவிட்டுச் சுமைத் தட்டு அமைப்பதோ, வேறு வகை எஞ்சின் பொருத்துவதோ பதிவு அலுவலகத்தின் ஒப்புதலின்றிச் செய்யத் தக்கவையல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையில் இவையே தகராறுக்கு இடமாகும்.

விற்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. வண்டி கைமாறிய பின்னும் பதிவில் பெயர் மாறாதிருந்தால், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பெயர் மாற்றம் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஆவணங்கள் சரியெனத் தெரிந்த பின்னரே மெக்கானிக்கை அழைத்துச் செல்ல வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அன்று, அடிச்சட்டத்தை. எஞ்சினைப் பிரித்து வேலை செய்யலாம், மாற்றவும் செய்யலாம். துருவேறி இற்றுப்போன சட்டத்தைச் சீராக்கும் செலவுக்கு எல்லை இல்லை. சட்டத்தில் புதிய வெல்டிங் தழும்புகள் உள்ளனவா, அதில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றின் எண்ணும் ஒன்றா எனப் பார்க்க வேண்டும். அடுத்து பிரேக், ஸ்டியரிங், பட்டை ஸ்பிரிங். எஞ்சினை அது குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்ப்பது நல்லது. முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைக்கும். நீலப் புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருப்பினும் ஆண்டுகள் கடந்த டயரைப் புதியதென மதிப்பிடலாகாது. வண்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. நடைமுறையில் அதுவே முதலில் நடைபெறுகிறது.

இனி, பணம். பழுதுபார்ப்புக்கென நகையை அடகு வைப்பதும் கைமாற்று வாங்குவதும் இங்கு வழக்கமாகிவிட்டன. கிசான் கடன் அட்டையில் இதற்கென ஓர் இடம் உள்ளதைப் பலரும் அறியார். பயிர்ச் செலவின் அடிப்படையில் கடன் வரம்பைக் கணக்கிடும்போது, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதமும், பண்ணைச் சொத்துகளின் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்குமாக 20 சதவீதமும் சேர்க்க விதி இடமளிக்கிறது. வாழைக்கும் மரச்சீனிக்குமான பயிர்ச் செலவு ஒரு லட்சம் ரூபாயென மதிப்பிடப்பட்டால், பராமரிப்புக்கு 20,000 ரூபாய் சேரும். ஒரு ஜீப்பை முழுவதும் புதுப்பிக்க இது போதாது. பிரேக்கும் கிளட்சும் சீர்செய்யப் பேருதவியாகும்.

வங்கியாளர்களாகிய நம்மிடமும் குறை உண்டு. புதிய வண்டிக்குக் கடன் கேட்டு வருபவரை அமரச் சொல்கிறோம். பழைய வண்டியைச் சீர்செய்யப் பணம் கேட்பவரிடம் வண்டியின் வயதைக் கேட்டதும் தலையசைத்து மறுத்துவிடுகிறோம். ஆண்டை மட்டும் வைத்து மதிப்பிடுவது எளிது. வண்டி மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, முன்பு வாடகை வண்டிக்குக் கொடுத்த தொகை எவ்வளவு மிச்சமாகிறது என்று கேட்பதே சரியான கணக்கு. மிச்சமாகும் தொகைக்குள் தவணை அடங்குமாயின், பழைய வண்டி என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகலாகாது. அடங்காதாயின், புதிய வண்டிக்கும் அவ்விவசாயிக்குக் கடன் தராதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்மை.

வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. முன்பணம் கொடுக்கும் முன், பதிவுச் சான்றின் நகலுடனும் மெக்கானிக் எழுதித் தந்த செலவு மதிப்பீட்டுடனும் கிளைக்கு வாருங்கள். மதிப்பீட்டின் மேல் கால் பங்கு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகே தெரியவரும் பழுதுகள் எப்போதும் உண்டு. பதிவுச் சான்றில் யாருடைய கடன் குறிப்பாவது நீக்கப்படாமல் இருப்பின், அது நீங்கும் வரை ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம்.